தவறவிட்ட ஒரு நாள்: கீமோ காலத்து உடற்பயிற்சியும் ஒருவரின் இயல்பும்

நோயாளிக்கு வயது 54. கணக்குத் தணிக்கையாளர். பெருங்குடலில் மூன்றாம் நிலைப் புற்றுநோய். அறுவை சிகிச்சைப் புண் ஆறிய பிறகு ஆக்சாலிபிளாட்டின் அடங்கிய கீமோதெரபி தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, மொத்தம் 12 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் சில மணி நேரம் மருத்துவமனையில் மருந்து ஏற்றுவார்கள். பிறகு சிறிய பம்ப் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். மீதி மருந்து 46 மணி நேரம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும்.

நோய் வருவதற்கு முன் அவர் தினமும் விடியற்காலையில் 40 நிமிடம் வேகமாக நடப்பவர். மழையானாலும் பனியானாலும் விட்டதில்லை என்று அவருடைய கணவர் பெருமையும் சலிப்புமாகச் சொன்னார். இப்படிப்பட்டவர் உடற்பயிற்சித் திட்டத்தில் சேரும்போது குழுவில் யாரும் கவலைப்படுவதில்லை. சொன்னதைச் செய்வார், எழுதி வைப்பார், நேரத்துக்கு வருவார். முதல் மூன்று சுற்றுகளிலும் அப்படித்தான் நடந்தது. நான்காம் சுற்றில் அடியோடு நிறுத்திவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருந்தால் புரிந்திருக்கும். ஒரே வாரத்தில் முழுமையிலிருந்து பூஜ்யத்துக்குப் போனதுதான் இந்த ஆய்வை எழுத வைத்தது.

(அடையாளம் தெரியாமலிருக்க, ஒத்த நிலையில் இருந்த சில நோயாளிகளின் விவரங்கள் இங்கே ஒருவராக இணைக்கப்பட்டுள்ளன. எழுதுபவன் புற்றுநோய் மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் பிசியோதெரபிஸ்ட்.)

ஏன் நடக்கச் சொல்கிறோம்

கீமோவின்போது வரும் களைப்பு சாதாரணக் களைப்பு போன்றதல்ல. தூங்கி எழுந்தாலும் தீராது. படுத்தே கிடந்தால் தசை கரைந்து அது இன்னும் கூடும். அளவான உடற்பயிற்சி அதைக் குறைக்கிறது என்பதில் இப்போது பெரிய சர்ச்சை இல்லை. 2007இல் கனடாவில் கெர்ரி கோர்னேயா குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 242 பெண்கள் பங்கேற்றார்கள். அவர்களில் எடைப் பயிற்சி செய்தவர்கள் திட்டமிட்ட கீமோ அளவைக் கூடுதலாக நிறைவு செய்தார்கள். கண்காணிப்போடு நடந்த அந்த ஆய்விலேயே, பயிற்சிக்கு வர வேண்டிய அமர்வுகளில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குத்தான் வந்தார்கள். கீமோவுக்கு நடுவே அதுவே நல்ல கணக்கு.

பெருங்குடல் புற்றுநோய்க்கு இன்னும் வலுவான சான்று 2025இல் வந்தது. ‘சாலஞ்ச்’ என்ற ஆய்வில் அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சியாளரின் துணையோடு உடற்பயிற்சியும், மற்றவர்களுக்கு உடல்நலக் கையேடும் கொடுத்தார்கள். ஐந்தாண்டு நிறைவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 80.3 சதவீதம், கையேட்டுப் பிரிவில் 73.9 சதவீதம். எட்டாண்டு உயிர்வாழ்வு 90.3 சதவீதமும் 83.2 சதவீதமும். இது கீமோவுக்குப் பிந்தைய காலத்து ஆய்வு. கீமோ நடக்கும்போது என்ன செய்வது என்பதற்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இதில் என் கண்ணில் பட்டது வேறொன்று. கையேடு கையில் இருந்தவர்களுக்கும் உடற்பயிற்சி நல்லது என்று தெரியும். ஆண்டுக்கணக்கில் கூட இருந்து ஊக்கும் ஆள்தான் அவர்களுக்கு இல்லை. தெரிந்திருப்பது வேறு, செய்வது வேறு. இரண்டுக்கும் நடுவில்தான் மனிதரின் இயல்பு உட்கார்ந்திருக்கிறது.

இயல்பை அளந்ததில் கிடைத்தது

உளவியலில் புழங்கும் ஐந்து பெரும் இயல்புகள்: புறமுகம், ஒழுங்குணர்வு, மனக்கலக்கம், இணக்கம், புதுமை நாட்டம். 2006இல் ரோட்ஸ், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடற்பயிற்சியோடு புறமுகத்துக்கு 0.23, ஒழுங்குணர்வுக்கு 0.20, மனக்கலக்கத்துக்கு எதிர்த்திசையில் 0.11 என்று ஒட்டுறவுக் கெழுக்கள் (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) கிடைத்தன. கலகலப்பானவரும் ஒழுங்கானவரும் சற்றே கூடுதலாக உடற்பயிற்சி செய்கிறார்கள், கவலைப்படுபவர் சற்றே குறைவாகச் செய்கிறார் என்பது இதன் பொருள். ‘சற்றே’ என்பதை அடிக்கோடிட வேண்டும். 0.23ஐ வர்க்கப்படுத்தினால் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் விளக்கப்படுகிறது. இவர் செய்வார், அவர் செய்யமாட்டார் என்று முன்கூட்டியே முத்திரை குத்த இது போதவே போதாது.

இந்த ஐந்தையும் அளக்கும், 44 கேள்விகள் கொண்ட வினாத்தாளை நம் நோயாளிக்குக் கொடுத்தோம். ஒழுங்குணர்வு உச்சத்தில். புறமுகம் அடியில். மனக்கலக்கம் நடுவுக்கு மேல். இந்த எண்களை அப்படியே நம்பக்கூடாது என்பதற்குக் காரணம் கேள்விகளிலேயே இருக்கிறது. ‘ஆற்றல் நிறைந்தவர்’ என்பது புறமுகத்தை அளக்கும் கேள்விகளில் ஒன்று. ‘அதிகம் கவலைப்படுபவர்’ என்பது மனக்கலக்கத்தை அளக்கும் கேள்வி. கீமோ ஏறிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ஆற்றல் நிறைந்திருக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும்? புற்றுநோய் வந்தவர் கவலைப்படுவது அவருடைய இயல்பா, நிலைமையா? ஆகவே நோய்க்கு முந்தைய தன்னை நினைத்துப் பதில் சொல்லச் சொன்னோம். கணவரையும் தனியாகக் கேட்டோம். ஒழுங்குணர்வில் இருவர் பதிலும் ஒத்துப்போயின. கலகலப்பில் கணவர் மனைவிக்கு இன்னும் குறைவாகவே மதிப்பெண் போட்டார்.

வினாத்தாளுக்கு முன்பே இரத்தப் பரிசோதனை முடிந்திருந்தது. இந்த வரிசையை வற்புறுத்திச் சொல்கிறேன். உடற்பயிற்சியை நிறுத்திவிட்ட நோயாளியைப் பற்றி ‘மனசு வைக்கவில்லை’ என்று பேசத் தொடங்குமுன் ஹீமோகுளோபின் எவ்வளவு, தைராய்டு எப்படி, மனச்சோர்வு நோய் உண்டா என்று பார்த்தாக வேண்டும். இவருக்கு லேசான இரத்தசோகை இருந்தது. நடையை நிறுத்தும் அளவுக்கு இல்லை. மனச்சோர்வு நோய் இல்லை என்று மனநல மருத்துவர் கூறினார்.

குறை இல்லாத நாட்குறிப்பு

அறுவைக்குப் பின் வீடு திரும்பியபோது அவர் கையில் இருந்தது வழக்கமான தாள்: வாரம் மூன்று நாள் 30 நிமிட நடை, இரண்டு நாள் எடைப் பயிற்சி, விருப்பமிருந்தால் குழு வகுப்பு. 2018இல் கூடிய பன்னாட்டு வல்லுநர்கள் புற்றுநோயாளிகளுக்குப் பரிந்துரைத்த அளவும் ஏறத்தாழ இதுதான். தாளில் தவறில்லை.

குழு வகுப்புக்கு ஒரே ஒரு முறை வந்தார். அங்கே எல்லாரும் தங்கள் நோயைப் பற்றிப் பேசிக்கொண்டே பயிற்சி செய்தார்கள். பலருக்கு அது மருந்து. இவருக்கு மூச்சு முட்டியது. மறுவாரம் முதல் வீட்டிலேயே செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டார், செய்யவும் செய்தார். அதுவும் வாரம் மூன்று நாள் என்பதைத் தாமாகவே தினமும் என்று மாற்றிக்கொண்டு, பழைய விடியற்காலை நேரத்தில், பழைய 40 நிமிடத்துக்கு.

நாட்குறிப்பைப் பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சரிக்குறி. அவர் நிறுத்திய பிறகு அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாக அவரோடு உட்கார்ந்து திரும்பப் பார்த்தபோதுதான் உள்ளே இருந்தது தெரிந்தது. மூன்றாம் சுற்றின் பத்தாம் நாளில் உடல் வெப்பம் 38.1 டிகிரி செல்சியஸ். அதை அளந்து, அதே பக்கத்தின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு, 40 நிமிடம் நடந்து, சரிக்குறி போட்டிருக்கிறார். மருத்துவமனைக்குத் தகவல் சொல்லவில்லை. கீமோவில் இருப்பவருக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கக்கூடிய அந்த நாட்களில் காய்ச்சல் என்பது அவசர நிலை. 38ஐத் தொட்டால் உடற்பயிற்சி கிடையாது. உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். மாலைக்குள் வெப்பம் தணிந்தது அவருடைய நல்வாய்ப்பு.

இன்னொன்று ஆக்சாலிபிளாட்டினோடு சேர்ந்தது. இந்த மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த காற்றும் குளிர்ந்த பொருளும் பட்டாலே விரலிலும் தொண்டையிலும் ஊசி குத்துவது போல இருக்கும். விடியற்காலை நடை அந்தக் குளிரில்தான். அவர் சால்வையைச் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். நேரத்தை மாற்றலாம் என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். “காலையில் செய்வதுதானே வழக்கம்” என்றார்.

நான்காம் சுற்றில் வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டு நாட்கள் எழ முடியவில்லை. மூன்றாம் நாள் முடிந்திருக்கும், ஆனால் 40 நிமிடம் முடியாது. கால் மணி நேரம் முடியும். அவர் நடக்கவில்லை. “இரண்டு கட்டம் காலியாகிவிட்டது. மூன்றாவதிலும் அரைகுறையாகப் போட்டால் அந்தப் பக்கத்துக்கு என்ன மதிப்பு?” ஒரு வாரம் கழித்து நாட்குறிப்பை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். கணவர் தினமும் கனிவாக நினைவூட்டினார். அது அவருக்குத் தினமும் ஒரு குற்றச்சாட்டாகக் கேட்டது. “நீங்களாவது சொல்லுங்கள், சார்” என்று கணவர் என்னிடம் வந்தார். நான் முதலில் அவரைத்தான் நினைவூட்டுவதை நிறுத்தச் சொன்னேன்.

முறிந்தது எங்கே

போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களிடம் உளவியலாளர் ஆலன் மார்லட் இதே வடிவத்தை விவரித்திருக்கிறார். ஒரு நாள் சறுக்கியவர், சறுக்கலைத் தன் குணக்கேடாக எடுத்துக்கொள்ளும்போது, அந்த ஒரு நாள் முழு வீழ்ச்சியாகிறது. கட்டுப்பாட்டை எவ்வளவு முழுமையாக நினைக்கிறாரோ அவ்வளவு வேகமாக விழுகிறார்.

ஒழுங்குணர்வு உடற்பயிற்சிக்குத் துணை என்ற கண்டுபிடிப்பு, நேற்றைய உடலும் இன்றைய உடலும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பவர்களுக்குப் பொருந்தும். அவர்களுக்கு மாறாத நேரமும் மாறாத அளவும் பலம். கீமோவில் உடல் 14 நாள் சுழற்சியில் ஏறி இறங்குகிறது. மருந்து ஏறிய மறுநாள் ஒன்று, ஐந்தாம் நாள் ஒன்று, பன்னிரண்டாம் நாள் ஒன்று. அங்கே மாறாத விதியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் இரண்டு வழிகளில் அடிபடுகிறார்: செய்யக்கூடாத நாளில் செய்கிறார், செய்யக்கூடிய நாளில் விட்டுவிடுகிறார். நம் நோயாளி இரண்டையும் ஒரே மாதத்தில் செய்துகாட்டினார்.

உளவியலாளர்கள் டெசி, ரயன் இருவரின் தன்னுறுதிக் கோட்பாடு இதையே வேறு கோணத்தில் பார்க்கிறது. விரும்பிச் செய்வது ஒன்று. முக்கியம் என்று ஏற்றுச் செய்வது இன்னொன்று. செய்யாவிட்டால் தன்னைத் தானே மன்னிக்க முடியாது என்பதற்காகச் செய்வது மூன்றாவது. மூன்றாவதும் வெளியிலிருந்து பார்க்க ஊக்கம் போலவே இருக்கும். கட்டங்கள் நிரம்பும். குற்றவுணர்வில் ஓடும் ஊக்கம் நெருக்கடியில் நீடிப்பதில்லை. இவரிடம் உடற்பயிற்சி எதற்கு என்று கேட்டபோது, நோய் பற்றியோ களைப்பு பற்றியோ ஒரு சொல் வரவில்லை. “விட்டுவிட்டால் நான் என்ன ஆள்?” என்பதே பதில்.

விதியை மாற்றினோம், ஆளை விட்டுவிட்டோம்

இந்த இடத்தில் எளிதாகத் தோன்றும் அறிவுரை, ‘கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள், உடல் சொல்வதைக் கேளுங்கள்’ என்பது. இவரிடம் அது பயன்படாது என்பது என் கருத்து. 54 வயது வரை விதிகளோடு வாழ்ந்து, விதிகளால் வாழ்க்கைப்பாடும் நடத்துபவரிடம் விதியே வேண்டாம் என்றால், கைப்பிடி இல்லாத படிக்கட்டில் ஏற்றிவிட்டது போல ஆகும். விதிப்பற்று இருக்கட்டும், விதிக்குள் மோசமான நாளுக்கும் இடம் வைத்தால் போதும் என்று முடிவெடுத்தோம்.

கிழமைகளைக் கொண்ட நாட்குறிப்பு போய், 1 முதல் 14 வரை சுற்று நாட்களைக் கொண்ட தாள் வந்தது. ஒவ்வொரு நாளுக்கும் அ, ஆ, இ என்று மூன்று நிலைகள். அ என்றால் 30 நிமிட நடையும் எடைப் பயிற்சியும். ஆ என்றால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்த இரண்டு நடைகள். இ என்றால் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குள் இரண்டு நடை. மூன்றில் எதைச் செய்தாலும் அந்த நாளுக்கு ஒரே முழுச் சரிக்குறி. இவை தவிர ‘தடை நாள்’ என்று ஒரு வகை: வெப்பம் 38 அல்லது அதற்கு மேல், நெஞ்சுவலி, தலைச்சுற்றல். அன்று உடற்பயிற்சி செய்யாமல் மருத்துவமனையை அழைப்பதுதான் பணி. அதற்கும் சரிக்குறி உண்டு.

இ நிலையை அவர் ஏற்க மறுத்தார். ஐந்து முறை எழுந்து உட்கார்வதற்கு முழு மதிப்பெண் என்பது கணக்கை ஏமாற்றுவது என்றார். நீண்ட நேரம் பேசினோம். கடைசியில் திருப்பம் அவரிடமிருந்தே வந்தது: எந்த நாள் எந்த நிலை என்பதை அன்றைய மனநிலைக்கு விடாமல், காலையிலேயே அளவுகோல் வைத்துத் தீர்மானிக்கலாமா என்று கேட்டார். களைப்புக்குப் பூஜ்யம் முதல் 10 வரை மதிப்பு, வயிற்றுப்போக்கின் எண்ணிக்கை, வெப்பம், விரல் மரத்துப்போன அளவு என்று நான்கு பத்திகளில் அவரே அட்டவணை தயாரித்து வந்தார். எண்கள் இந்த அளவைத் தாண்டினால் ஆ, இதைத் தாண்டினால் இ. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விவரித்த ‘இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்ற முன்திட்ட முறைதான் இது. அவர் அதைக் கேள்விப்பட்டதில்லை. தணிக்கை வேலையிலிருந்து எடுத்திருந்தார். நாங்கள் வரம்புகளை மட்டும் சற்றுத் தாழ்த்தினோம். களைப்பு 8 ஆனால்தான் இ என்று எழுதியிருந்தார், 6 ஆக்கினோம்.

நடை நண்பகலுக்கு மாறியது. மருந்து ஏறிய முதல் சில நாட்கள் வீட்டுக்குள்ளேயே. குழு வகுப்பு என்ற பேச்சை எடுக்கவில்லை.

மனக்கலக்கம் இங்கே உதவியது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பம்ப் இணைத்திருக்கும்போது நெஞ்சு படபடத்தால் என்ன ஆகும் என்று அவருக்குப் பயம். அது வீண் பயம் அன்று. அந்தப் பம்பில் இறங்கும் ஃபுளோரோயுராசில் என்ற மருந்து சிலருக்கு இதயத் தமனியைச் சுருங்க வைத்து நெஞ்சுவலி தரும். ஆகவே பயத்தைப் போக்க முயலாமல் அதற்கு எல்லை வகுத்தோம்: பம்ப் நாட்களில் ஆ நிலைக்கு மேல் இல்லை, வலி வந்தால் நிறுத்தி அழைப்பு. பம்ப் இல்லாத நாளொன்றில் கண்காணிப்பில் நடக்கவைத்து, நாடித்துடிப்பு ஏறி, ஓய்வில் இறங்குவதை அவரே பார்க்கும்படி செய்தோம். ஒன்பதாம் சுற்றில் காலை வெப்பம் 38.2. எட்டு மணிக்கு முன் அழைப்பு வந்தது. வெள்ளணுக்கள் குறைந்திருந்தன, உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது. மூன்றாம் சுற்றில் அதே காய்ச்சலோடு நடந்தவர் இவர்தான்.

எண்களும் எதிர்மாறான ஒருவரும்

ஆறு நிமிட நடைச் சோதனையில் கீமோவுக்கு முன் 480 மீட்டர். நிறுத்தியிருந்த காலத்தின் முடிவில் 415. பன்னிரண்டாம் சுற்றுக்குப் பின் 455. இந்தச் சோதனையில் 30 மீட்டர் அளவிலான மாற்றத்தை நோயாளி உணரத்தக்க மாற்றமாகக் கொள்வது வழக்கம். ஒன்பதாம் சுற்றுக்குப் பின் ஆக்சாலிபிளாட்டின் அளவு குறைக்கப்பட்டது. முன்னேற்றத்தில் அதற்கும் பங்கிருக்கலாம். வாராவாரம் ஒருவர் உட்கார்ந்து அட்டவணையைப் பேசியதே மருந்தாகவும் இருந்திருக்கலாம். ஒருவரை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்துக்காட்ட முடியாது.

அதே காலத்தில் இதயச் செயலிழப்போடு வந்த ஒருவரைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வாய் ஓயாதவர், எல்லாருக்கும் வேண்டியவர். கண்காணிப்பு வகுப்புகள் 36க்கும் வந்தார். வராதவர்களை அவரே தொலைபேசியில் அழைத்து வரவழைத்தார். வகுப்பு முடிந்து வீட்டில் செய்யச் சொன்னதும் ஆள் காணவில்லை. இது அவருடைய தனிக்கதை இல்லை. 2009இல் வெளியான ‘எச்எஃப் ஆக்‌ஷன்’ ஆய்வில் 2,331 இதயச் செயலிழப்பு நோயாளிகள் பங்கேற்றார்கள். பயிற்சிப் பிரிவில் வகுப்புக் காலம் முடிந்தபின் வீட்டுப் பயிற்சிக்கு வைத்த இலக்கு வாரம் 120 நிமிடம். நான்கு முதல் ஆறாம் மாதத்தில் இடைநிலை அளவு (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) 95 நிமிடமாக இருந்து, ஓராண்டு நெருங்கும்போது 74 ஆனது. நம்மவருக்கு அட்டவணை கொடுத்திருந்தால் அதில் எதையாவது பொதிந்துகொண்டு போயிருப்பார். அதே வகுப்பில் இருந்த இன்னொருவரோடு நேரம் குறித்து நடக்க வைத்தோம். ஒழுங்குணர்வே இல்லாத இருவர். ஒருவருக்காக இன்னொருவர் வந்தார்கள். தணிக்கையாளருக்கு இதைச் செய்திருந்தால் முதல் வாரத்திலேயே விலகியிருப்பார்.

இப்போது முதல் சந்திப்பில் வினாத்தாளுக்கு முன்பாக இரண்டு கேள்விகள் கேட்கிறேன். ஒரு நாள் செய்ய முடியாமல் போனால் மறுநாள் என்ன செய்வீர்கள்? யாரும் பார்க்காவிட்டால் செய்வீர்களா? 44 கேள்விகள் தரும் மதிப்பெண்களைவிட இந்த இரண்டுக்கும் வரும் பதில்தான் திட்டம் தீட்ட எனக்கு அதிகம் பயன்படுகிறது. ‘மறுநாள் இரட்டிப்பாகச் செய்வேன்’ என்பவரை நான் ‘பார்க்கலாம்’ என்பவரைவிடக் கூடுதலாகக் கவனிக்கிறேன்.

கீமோ முடிந்த பிறகும் இவருக்குப் பாதங்களில் மரமரப்பு இருக்கிறது. ஆக்சாலிபிளாட்டினை நிறுத்திய பின்னும் சில மாதங்கள் அது கூடக்கூடும் என்று முன்பே சொல்லியிருந்தோம். இருட்டில் தரை புலப்படாமல் விழும் ஆபத்து இருப்பதால் விடியற்காலை நடை இன்னும் அனுமதிக்கப்படவில்லை. நிலையான சைக்கிளில் ஓட்டுகிறார். ‘சாலஞ்ச்’ ஆய்வின் செய்தியைப் படித்துவிட்டு, அந்த 80.3 சதவீதத்தில் சேர வாரத்துக்கு எத்தனை நிமிடம் வேண்டும் என்று கணக்குக் கேட்டார். அந்த எண் ஒரு கூட்டத்துக்கானது, தனி ஒருவருக்கு நிமிடக் கணக்கில் பிரித்துத் தர முடியாது என்று விளக்கினேன். ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கீமோ முடிந்துவிட்டது, ஆகவே அட்டவணையில் இ நிலையை அடித்துவிடலாம் என்பது அவருடைய வாதம். அது இருக்க வேண்டும் என்பது என் வாதம். இப்போதைக்கு அது இருக்கிறது. மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் பயன்படுத்தினால் காரணம் எழுதுவேன் என்று அவரே பக்கத்தில் ஒரு குறிப்புச் சேர்த்திருக்கிறார். அந்தக் குறிப்பை எடுக்கச் சொல்லி அடுத்த சந்திப்பில் கேட்கவிருக்கிறேன்.